வெப் சர்வருக்கு வாசற்காவல்: ஓப்பன்ஏஎம் ஏஜென்ட்டை நிறுவுவது முதல் பின்கதவை அடைப்பது வரை

ஒரு அப்ளிகேஷனுக்கு லாகின் பக்கம் எழுதுவது பெரிய வேலையில்லை. பதினைந்து அப்ளிகேஷன் ஓடும் இடத்தில் பதினைந்து லாகின் பக்கம், பதினைந்து விதமான செஷன் (லாகின் ஆனவரை நினைவில் வைக்கும் ஏற்பாடு), "இவருக்கு இந்தப் பக்கம் உண்டா" என்று பதினைந்து இடத்தில் சோதனை என்று ஆகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அத்தனை இடத்திலும் அவர் பெயரை எடுக்க வேண்டும். பதினான்கில் எடுப்போம், ஒன்று விட்டுப்போகும். ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் அனுமதிக் கட்டுப்பாட்டுக் கோளாறு 2017ல் ஐந்தாம் இடத்தில் இருந்தது; 2021ல் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

இதற்கு ஒரு பழைய, நன்றாக வேலை செய்யும் தீர்வு உண்டு. யாருக்கு எது அனுமதி என்ற முடிவை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, அந்த முடிவை அமல்படுத்த ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சின்ன ஏஜென்ட்டை உட்காரவைப்பது. அதை அடி முதல் எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது, அந்த முடிவை எடுக்கும் ஓப்பன்ஏஎம் என்ற மென்பொருள். முன்னால் வெப் சர்வராக அப்பாச்சி, பின்னால் ஜாவா அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட். சைட்மைண்டர், ஆரக்கிள் ஆக்சஸ் மேனேஜர் என்று வேறு எதை வைத்திருந்தாலும் பெயர்கள்தான் மாறும், வேலை ஏறக்குறைய இதேதான்.

ஓப்பன்ஏஎம் பற்றி ஒரு வார்த்தை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய ஓப்பன்எஸ்எஸ்ஓ தான் இதன் தாய். 2010ல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனதும் ஃபோர்ஜ்ராக் அதை ஓப்பன்ஏஎம் என்ற பெயரில் தொடர்ந்தது. பிறகு தன் புதிய பதிப்புகளின் மூலநிரலை மூடிக்கொண்டு, 2023ல் பிங் ஐடென்டிட்டியோடு இணைந்தது. திறந்த மூலநிரல் கிளையை ஓப்பன் ஐடென்டிட்டி பிளாட்ஃபார்ம் சமூகம் இன்றும் பராமரிக்கிறது. இதன் செஷன் குக்கீயின் இயல்பான பெயர் இன்னமும் "ஐபிளானெட் டைரக்டரி ப்ரோ" என்பதுதான். நெட்ஸ்கேப் காலத்துப் பெயர். லாகில் அதைப் பார்த்தால் என்னமோ ஏதோ என்று பயப்பட வேண்டாம்.

ஒரு கோரிக்கை போகும் வழி

நிறுவத் தொடங்குமுன் இதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிப் பிழைகள் இங்கிருந்துதான் புரியும்.

பயனர் சம்பளப் பட்டியல் பக்கத்தைத் திறக்கிறார். கோரிக்கை அப்பாச்சிக்கு வருகிறது. அப்பாச்சி அதை டாம்கேட்டுக்குத் தள்ளுவதற்கு முன்னால் ஏஜென்ட் பிடித்து நிறுத்துகிறது. செஷன் குக்கீ இருக்கிறதா? இல்லை. உடனே 302 (வேறு முகவரிக்குப் போ என்ற பதில்) கொடுத்து ஓப்பன்ஏஎம் லாகின் பக்கத்துக்கு அனுப்புகிறது; எந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் கூடவே முடிந்து அனுப்புகிறது. லாகின் ஆனதும் குக்கீயோடு அதே கோரிக்கை மறுபடி வருகிறது. ஏஜென்ட் இப்போது ஓப்பன்ஏஎம்மிடம் இரண்டு கேள்வி கேட்கிறது: இந்த செஷன் உயிரோடு இருக்கிறதா, இவர் இந்த முகவரியில் இந்தச் செயலைச் செய்யலாமா. "சரி" என்று வந்தால் உள்ளே விடுகிறது, இல்லையென்றால் 403 (அனுமதியில்லை). கிடைத்த பதிலைச் சில நிமிடம் நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த கிளிக்குக்கு மறுபடி கேட்காது.

முடிவெடுப்பவர் ஒருவர், அதை அமல்படுத்துபவர் இன்னொருவர் என்ற இந்தப் பிரிவினை 2000ல் வந்த ஆர்எஃப்சி 2753 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே இருக்கிறது. ஏஜென்ட்டுக்குச் சொந்த மூளை கிடையாது, இருக்கவும் கூடாது.

முன்னேற்பாடு

மூன்று விஷயத்தைச் சரிபார்க்காமல் தொடங்காதீர்கள்.

முதலாவது, பெயர். ஓப்பன்ஏஎம் சர்வருக்கும் அப்ளிகேஷன் சர்வருக்கும் முழு டொமைன் பெயர் இருக்க வேண்டும். ஐபி முகவரியிலோ வெறும் "சர்வர்1" என்றோ திறந்தால் குக்கீ சரியாக ஒட்டாது. லாகின் பக்கமும் அப்ளிகேஷனும் பயனரைப் பந்துபோல மாறி மாறித் தட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, எல்லா இடத்திலும் எச்டிடிபிஎஸ். ஏஜென்ட்டுக்கும் ஓப்பன்ஏஎம்முக்கும் இடையிலான பேச்சுக்கும் சேர்த்துத்தான். சான்றிதழ் உங்கள் நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் ஆணையம் கொடுத்ததாக இருந்தால், அதன் மூலச் சான்றிதழை வெப் ஏஜென்ட்டுக்குத் தனியாகவும் ஜாவாவின் நம்பிக்கைப் பெட்டகத்தில் தனியாகவும் ஏற்ற வேண்டும். "எந்தச் சான்றிதழானாலும் நம்பு" என்றொரு அமைப்பு ஏஜென்ட்டில் உண்டு. அவசரத்துக்குப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். போடாதீர்கள்.

மூன்றாவது, நேரம். எல்லா சர்வரும் என்டிபி மூலம் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். ஐந்து நிமிடம் பின்தங்கிய சர்வரில் செஷன் காலாவதி, லாக் ஒப்பீடு எல்லாமே குழம்பும்.

படி 1: ஏஜென்ட்டுக்கு ஒரு அடையாளம்

ஏஜென்ட்டும் ஓப்பன்ஏஎம்முக்கு ஒரு பயனர்தான். அதற்கும் பெயர், கடவுச்சொல் வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் உங்கள் ரெல்முக்குள் (பயனர்களும் பாலிசிகளும் அடங்கிய தனிப் பிரிவு) போய், ஏஜென்ட் பகுதியில் வெப் ஏஜென்ட் ஒன்றை உருவாக்குங்கள். பெயர், ஓப்பன்ஏஎம் முகவரி, ஏஜென்ட் காக்கப்போகும் சர்வரின் முகவரி, கடவுச்சொல் போன்றவற்றைக் கேட்கும். ஒவ்வொரு சர்வருக்கும் தனி அடையாளம் கொடுங்கள். பத்து சர்வருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் என்று வைத்தால், ஒரு சர்வரிலிருந்து அது கசிந்த அன்று பத்தையும் நிறுத்தித்தான் மாற்ற முடியும்.

அந்தக் கடவுச்சொல்லை அப்ளிகேஷன் சர்வரில் ஒரு கோப்பில் ஒரே வரியாக எழுதி, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 400 அனுமதி வையுங்கள். நிறுவும் நிரல் அந்தக் கோப்பைத்தான் கேட்கும். நிறுவி முடித்ததும் கோப்பை அழித்துவிடலாம்.

படி 2: அப்பாச்சியில் வெப் ஏஜென்ட்

அப்பாச்சியை நிறுத்துங்கள். ஏஜென்ட் தொகுப்பை விரித்து, அதனுள் இருக்கும் ஏஜென்ட்அட்மின் கட்டளையை நிறுவும் முறையில் ஓட்டுங்கள். அப்பாச்சியின் அமைப்புக் கோப்பு எங்கே, ஓப்பன்ஏஎம் முகவரி என்ன, ஏஜென்ட் முகவரி என்ன, ரெல்ம், ஏஜென்ட் பெயர், கடவுச்சொல் கோப்பு என்று வரிசையாகக் கேட்கும். முடிந்ததும் அப்பாச்சி அமைப்புக் கோப்பில் ஏஜென்ட் மாட்யூலை ஏற்றும் வரியும் அதை இயக்கும் வரியும் சேர்ந்திருக்கும். கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏஜென்ட் முழு சர்வருக்கும் இயங்குகிறதா, ஒரு விர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்கு (ஒரே சர்வரில் தனிப் பெயரோடு ஓடும் தளம்) மட்டுமா? ஹோஸ்ட் பெயர் எதோடும் பொருந்தாத கோரிக்கையை அப்பாச்சி தன் பட்டியலில் முதலில் உள்ள விர்ச்சுவல் ஹோஸ்ட்டிடம் கொடுத்துவிடும். அந்த முதல் ஹோஸ்ட்டில் ஏஜென்ட் இல்லாமல், அதே டாம்கேட்டுக்குக் கோரிக்கையைக் கடத்தும் ப்ராக்ஸி மட்டும் இருந்தால், ஐபி முகவரியைத் தட்டுகிற எவரும் உள்ளே வரலாம்.

முன்னால் லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல சர்வருக்குப் பங்கிடுவது) இருந்து அங்கேயே எச்டிடிபிஎஸ் முடிந்தால், ஏஜென்ட் கண்ணுக்கு எல்லாக் கோரிக்கையும் வெறும் எச்டிடிபியாகத் தெரியும். திருப்பி அனுப்பும் முகவரி தப்பாகும், குக்கீ வராது, முடிவில்லாத சுற்று. ஏஜென்ட் அமைப்பில் நெறிமுறை, ஹோஸ்ட், போர்ட் ஆகிய மூன்றையும் மேலெழுதும் வசதி இருக்கிறது. மூன்றையும் வெளி உலகம் பார்க்கும் மதிப்புக்கு மாற்றுங்கள். "லாகின் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது இந்த மூன்றைத்தான். அடுத்தது, எச்டிடிபிஎஸ்சில் மட்டும் செல்லும் குக்கீயை வைத்துக்கொண்டு எச்டிடிபியில் திறக்கிறார்களா என்று.

படி 3: முதலில் லாகின் மட்டும்

எடுத்த எடுப்பில் பாலிசிகளை, அதாவது யாருக்கு எது அனுமதி என்ற விதிகளை, போடாதீர்கள். எஸ்எஸ்ஓ (ஒரே லாகினில் எல்லா அப்ளிகேஷனும்) மட்டும் என்ற முறையை இயக்குங்கள். இந்த முறையில் லாகின் ஆனவர் யாரானாலும் உள்ளே போகலாம். ஒரு வாரம் ஓடட்டும். திருப்பி அனுப்புதல், குக்கீ, லாக்அவுட் எல்லாம் நிலைக்கு வந்தபின் பாலிசிக்குப் போனால், 403 வரும்போது தப்பு எங்கே என்று உடனே தெரியும்.

இந்த வாரத்திலேயே காவல் தேவையில்லாத முகவரிகளின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். படங்கள், சிஎஸ்எஸ், லாக்அவுட் ஆனபின் காட்டும் பக்கம், லோட் பேலன்சர் உயிர் சோதிக்கும் முகவரி போன்றவை. பட்டியலை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்குங்கள். இந்தப் பட்டியலைத் தலைகீழாக்கும் அமைப்பு ஒன்றும் இருக்கிறது. போட்டால் பட்டியலில் உள்ளவை மட்டும் காக்கப்படும், மற்றதெல்லாம் திறந்து கிடக்கும். நாளைக்கு டெவலப்பர் ஒரு புதுப் பக்கம் சேர்த்தால் அது பிறக்கும்போதே திறந்த பக்கம்.

படி 4: பாலிசி

ஒரு பாலிசியில் நான்கு சமாச்சாரம்: எந்த முகவரி, என்ன செயல், யார், எந்தச் சூழலில். ஒரு முகவரிக்குப் பாலிசியே இல்லையென்றால் பதில் மறுப்பு. ஒரு பாலிசி அனுமதித்து இன்னொன்று மறுத்தாலும் மறுப்பே வெல்லும். நல்ல இயல்புகள், மாற்ற வேண்டாம்.

தவறு வருவது முகவரி எழுதும் இடத்தில். நட்சத்திரக் குறி சாய்கோடுகளைத் தாண்டி எத்தனை அடுக்குக்கும் பொருந்தும். ஆனால் கேள்விக்குறியைத் தாண்டாது. "/சம்பளம்/*" என்று எழுதினால் "/சம்பளம்/பட்டியல்" திறக்கும், "/சம்பளம்/பட்டியல்?மாதம்=3" திறக்காது. இரண்டாவதாக "/சம்பளம்/*?*" என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். பாலிசி எழுதிய முதல் நாளில் "சில நேரம் வருகிறது, சில நேரம் 403" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். ஒரே ஒரு அடுக்குக்கு மட்டும் பொருந்த வேண்டுமென்றால் நட்சத்திரத்தின் இரு பக்கமும் சிறுகோடு போட்டு "-*-" என்று எழுத வேண்டும்.

செயல்களில் கெட் (பக்கத்தைக் கேட்பது), போஸ்ட் (தரவை அனுப்புவது) இரண்டையும் பிரித்து யோசியுங்கள். தணிக்கையாளருக்குப் பட்டியலைப் பார்க்க மட்டும்தான் உரிமை என்றால் கெட் மட்டும் கொடுங்கள், போஸ்ட் தானாகவே அடைபடும்.

கூடவே போஸ்ட் தரவைக் காப்பாற்றும் அமைப்பையும் பாருங்கள். இயல்பாக செஷன் 30 நிமிடம் சும்மா இருந்தால் முடிந்துவிடும். எவ்வளவு வேலை செய்தாலும் 120 நிமிடத்தில் முடியும். ஒருவர் நாற்பது நிமிடம் உட்கார்ந்து நீளமான படிவம் நிரப்பி "சமர்ப்பி" அழுத்துகிறார். ஏஜென்ட் லாகின் பக்கத்துக்கு அனுப்புகிறது, திரும்பி வந்தால் படிவம் காலி. அந்த மனிதரின் கோபம் நியாயமானது. அந்த அமைப்பை இயக்கினால் ஏஜென்ட் தரவைப் பிடித்துவைத்து லாகினுக்குப் பின் மறுபடி அனுப்பும்.

படி 5: டாம்கேட்டில் ஜாவா ஏஜென்ட்

அப்பாச்சியில் ஒன்று இருக்கும்போது இங்கே எதற்கு இன்னொன்று என்று கேட்கலாம். சின்ன இடத்துக்கு வேண்டாம், முன்வாசல் போதும். அப்ளிகேஷனுக்குள் பயனரின் பொறுப்புகளைப் பார்த்து வேலை நடக்க வேண்டுமென்றாலோ, டாம்கேட் இருக்கும் வலையமைப்பை முழுதாக நம்ப முடியாதென்றாலோ ஜாவா ஏஜென்ட்டையும் போடுங்கள். இது ஒரு ஃபில்டராக, அதாவது கோரிக்கை அப்ளிகேஷனை அடையுமுன் கடக்கும் சல்லடையாக, உட்காரும். டாம்கேட்டை நிறுத்தி நிறுவியபின், அப்ளிகேஷனின் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் இந்த ஃபில்டர்தான் முதலாவதாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு முன்னால் வேறொரு ஃபில்டர் பதில் எழுதி முடித்துவிட்டால் ஏஜென்ட்டுக்கு வேலையே வராது.

படி 6: பின்கதவுகள்

இதுவரை சொன்னது அரை நாள் வேலை. நேரம் செலவழிக்க வேண்டியது இனிமேல்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் இந்த வேலையை முடித்து ஒப்படைத்தோம். அழகாக ஓடியது. மூன்றாவது வாரம் ஒரு பிழையைத் தேடும்போது, அலுவலக வைஃபையிலிருந்து டாம்கேட்டின் ஐபியையும் அதன் போர்ட் எண் 8080ஐயும் பிரவுசரில் அடித்தேன். லாகின் கேட்கவில்லை. சம்பளப் பட்டியல், பெயர், தொகை, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அப்படியே திறந்தது. அந்த வைஃபையை விருந்தினர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஏஜென்ட்டில் தப்பே இல்லை. அது காத்த வாசல் வழியாகத்தான் யாரும் வர வேண்டும் என்பதை நான் உறுதிசெய்யவில்லை.

ஆகவே டாம்கேட் அதே கணினியில் இருந்தால் அதன் கனெக்டரை (கோரிக்கைகளை வாங்கும் பகுதி) 127.0.0.1ல், அதாவது அந்தக் கணினிக்குள்ளிருந்து வருபவற்றை மட்டும், கேட்கச் செய்யுங்கள். வேறு கணினியில் இருந்தால் ஃபயர்வாலில் அப்பாச்சியின் ஐபிக்கு மட்டும் 8080ஐத் திறங்கள். 8009ல் ஓடும் ஏஜேபி கனெக்டரை (அப்பாச்சியும் டாம்கேட்டும் பேசிக்கொள்ளும் இன்னொரு வழி) மறக்க வேண்டாம். 2020 பிப்ரவரியில் வெளிவந்த கோஸ்ட்கேட் ஓட்டை இதன் வழியாகத்தான் கோப்புகளைப் படிக்கவிட்டது. டாம்கேட் 9.0.31 முதல் அது இயல்பாக அணைத்தே வருகிறது. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்து மேம்படுத்தியவர்களிடம் இன்னும் திறந்திருக்கலாம்.

அடுத்த கதவு கண்ணுக்குத் தெரியாதது. ஒரே முகவரியை முன்னால் இருப்பவர் ஒரு மாதிரியும் பின்னால் இருப்பவர் வேறு மாதிரியும் படிப்பது. "/பொது/..;/அட்மின்/" என்று ஒரு கோரிக்கை வருகிறது என்று வையுங்கள். முன்னால் நிற்கும் அப்பாச்சிக்கோ என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வருக்கோ "..;" என்பது ஏதோ ஒரு கோப்புறைப் பெயர். முகவரி "/பொது/" என்று தொடங்குகிறது, பொதுப் பகுதிக்குக் காவல் இல்லை, போகலாம். டாம்கேட் அரைப்புள்ளிக்குப் பின் வருவதைப் பாதை அளவுரு என்று எடுத்துக்கொண்டு அதை நீக்குகிறது. மிஞ்சுவது "..", ஒரு படி மேலே ஏறுகிறது. பயனர் நிற்பது "/அட்மின்/" உள்ளே. இதே வித்தையின் இன்னொரு முகம்: காவலற்ற பட்டியலில் "*.சிஎஸ்எஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் "/அட்மின்/பட்டியல்;அ.சிஎஸ்எஸ்" என்று கேட்கிறார். ஏஜென்ட் பார்ப்பது வால், டாம்கேட் கொடுப்பது பட்டியல்.

மருந்து எளிது. அரைப்புள்ளி உள்ள பாதைகளை அப்பாச்சியிலேயே 400 (தவறான கோரிக்கை என்ற பதில்) கொடுத்துத் திருப்புங்கள். இதற்கு முன், அப்ளிகேஷனுக்குச் செஷன் எண்ணை முகவரியில் அரைப்புள்ளியோடு ஒட்டும் பழக்கம் உள்ளதா என்று பார்த்து அதை நிறுத்திவிடுங்கள். நிலையான கோப்புகளை "/ஸ்டேட்டிக்/" போன்ற ஒரே கோப்புறைக்குள் வைத்து அதை மட்டும் காவலிலிருந்து விலக்குங்கள், கோப்பின் வாலை வைத்து எதையும் விலக்காதீர்கள். பாதையைப் படிப்பதில் அப்பாச்சியே தடுமாறியதும் உண்டு: 2021 அக்டோபரில் 2.4.49ல் பாதை ஓட்டை கண்டுபிடித்தார்கள், 2.4.50ல் அடைத்தது போதவில்லை, 2.4.51ல்தான் முழுதாக அடைபட்டது.

மூன்றாவது கதவு, ஹெடர்: கோரிக்கையோடு சேர்ந்து வரும் குறிப்பு வரி. ஏஜென்ட் பயனரின் பெயரை ஒரு ஹெடரில் வைத்து அப்ளிகேஷனுக்குக் கொடுக்கும். அப்ளிகேஷன் அதை நம்பும். வெளியிலிருந்து வருபவரே அதே பெயரில் ஒரு ஹெடரை ஒட்டிக்கொண்டு வந்தால்? காக்கப்படும் முகவரியில் ஏஜென்ட் அதன் மேல் எழுதிவிடும். காவலற்ற பட்டியலில் உள்ள முகவரியில் அது அப்படியே உள்ளே போக வாய்ப்புண்டு. எனவே அப்பாச்சியில் அந்த ஹெடரை வந்தவுடனே நீக்குங்கள். நீக்கும் வரியில் "எர்லி" என்ற சொல்லைச் சேர்ப்பது முக்கியம். சேர்க்காவிட்டால் அந்த வரி ஏஜென்ட் வேலை முடித்த பிறகு ஓடி, ஏஜென்ட் வைத்த நல்ல ஹெடரையும் சேர்த்து அழித்துவிடும். இந்தச் சொல் சர்வர் அல்லது விர்ச்சுவல் ஹோஸ்ட் மட்டத்தில்தான் செல்லுபடி, ஒரு கோப்புறைக்குள் போட முடியாது. வெளியிலிருந்து வரும் ஹெடரை நம்புவதால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மார்ச்சில் நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்ற வெப் கட்டமைப்பு ஒரு சான்று: உள்பயன்பாட்டுக்கான ஒரு ஹெடரை வெளியிலிருந்து அனுப்பினாலே நடுவில் நின்று அனுமதி சோதிக்கும் மிடில்வேர் என்ற பகுதியை அந்தக் கோரிக்கை முழுவதும் தாண்டிப்போனது.

படி 7: ஓப்பன்ஏஎம்மையே காப்பது

எல்லாச் சாவியும் ஒரே கொத்தில் இருக்கிறது. 2021ல் சிவிஇ-2021-35464 என்ற பதிவு எண் கொண்ட ஓட்டை வெளிவந்தபோது, லாகின்கூட ஆகாமல் ஒரே கோரிக்கையில் ஓப்பன்ஏஎம் சர்வரில் நிரலை ஓட்ட முடிந்தது. ஓப்பன்ஏஎம்மையும் ஏஜென்ட்டையும் மேம்படுத்துவதை ஒத்திப்போடாதீர்கள். நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குக் காட்டாதீர்கள். முன்னால் ஒரு ப்ராக்ஸி வைத்து, லாகினுக்குத் தேவையான பாதைகளை மட்டும் வெளியே விடுங்கள்.

அப்புறம், ஓப்பன்ஏஎம் படுத்துவிட்டால் எல்லா அப்ளிகேஷனும் படுத்துவிடும். ஏஜென்ட் கேட்டுப் பதில் வராவிட்டால் மறுக்க வேண்டும், அதை மாற்றி "திறந்துவிடு" என்று ஆக்க நினைக்காதீர்கள். அதற்குப் பதில் இரண்டு ஓப்பன்ஏஎம் சர்வர் வையுங்கள்.

ஏஜென்ட் பதிலை நினைவில் வைத்திருப்பதால், ஒருவரின் உரிமையைப் பறித்த நொடியே அது அமலாகாது. ஓப்பன்ஏஎம் மாற்றத்தை ஏஜென்ட்டுக்குத் தானே அறிவிக்கும் வசதி உண்டு; நடுவில் இருக்கும் ஃபயர்வால் அதைத் தடுக்கிறதா என்று பாருங்கள். தடுத்தால் நினைவுக் காலம் முடியும்வரை அந்த நபர் உள்ளேயே இருப்பார்.

லாக் அளவை, தேடும் நேரம் தவிர, பிழைகள் மட்டும் என்றே வையுங்கள். முழு அளவில் விட்டால் டிஸ்க் நிரம்பும். செஷன் விவரங்களும் அதில் விழலாம்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம், இரண்டே அப்ளிகேஷன்தான் என்பவர்களுக்கு என்ஜின்எக்ஸ்சின் ஆத் ரிக்வெஸ்ட் மாட்யூல் போதும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது உங்கள் அனுமதிச் சேவையிடம் ஒரு துணைக் கோரிக்கை அனுப்பும். 2 என்று தொடங்கும் பதில் வந்தால் உள்ளே. 401, 403 என்றால் வெளியே. வேறு எது வந்தாலும் பிழை. படி 6ல் சொன்ன மூன்று கதவும் இதற்கும் அப்படியே பொருந்தும்.

படி 8: உடைத்துப் பார்ப்பது

பிரவுசரில் லாகின் ஆகி "வருகிறதே" என்று பார்ப்பது சோதனையாகாது. கர்ல் (பிரவுசர் இல்லாமல் கோரிக்கை அனுப்பும் கருவி) கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்ட்டாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய பதிலைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். குக்கீ இல்லாமல் கேட்டால் 302. போலிக் குக்கீயோடு கேட்டாலும் 302. உரிமையில்லாத பயனரின் உண்மையான குக்கீயோடு 403. கெட் மட்டும் உள்ளவர் போஸ்ட் செய்தால் 403. கேள்விக்குறி சேர்த்து, அரைப்புள்ளி சேர்த்து, இரட்டைச் சாய்கோடு போட்டு, எழுத்துகளைச் சதவீதக் குறியீடாக மாற்றி ஒவ்வொரு முறை. பயனர் பெயர் ஹெடரை நாமே ஒட்டி ஒரு முறை. லாக்அவுட் செய்தபின் பழைய குக்கீயோடு ஒரு முறை. ஹோஸ்ட் பெயரை மாற்றி ஒரு முறை.

இதை அப்ளிகேஷன் சர்வரிலிருந்து ஓட்டாதீர்கள், அங்கே எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். சாதாரண ஊழியரின் மடிக்கணினியிலிருந்து ஒரு தடவை, விருந்தினர் வைஃபையிலிருந்து ஒரு தடவை. அப்பாச்சி, டாம்கேட், ஏஜென்ட், ஃபயர்வால் எதைத் தொட்டாலும் மறுபடி ஓட்டுங்கள். என் ஸ்கிரிப்ட்டில் முதல் வரி டாம்கேட்டின் ஐபியும் 8080ம். அதற்கு எதிரே குறித்திருக்கும் பதில்: இணைப்பு மறுக்கப்பட்டது.